சும்மா இருந்தால் போதும்

1962 ஆகஸ்ட் 16, வியாழன்

இன்றிலிருந்து சட்டப்படியும் நாங்கள் இந்தியர்கள். 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியபோதே இந்தியர்களாகிவிட்டோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அன்றைக்கு நிர்வாகம் மட்டும்தான் கைமாறியதாம். பாரிசில் ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தள்ளிக் கொடுத்தாலே முட்டிபோட வைக்கிறேன்.

புதுச்சேரிக் கடற்கரையில் பெரிய விழா. பந்தல் முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பு. மூங்கிலுக்குச் சொன்னது, தோரணம் கட்டியது, தண்ணீர்ப்பானை வைத்தது எல்லாம் அவர்தான். நாலு நாளாக வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. நான் தேவியைக் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கே போய் முன்வரிசையில் இடம் பிடித்தேன். தேவியின் முழுப்பெயர் பாரததேவி. கொடி ஏறிய பத்தாம் நாள் பிறந்தவள். அவர்தான் அந்தப் பெயரை வைத்தார்.

மேடையில் வரதையா உட்கார்ந்திருந்தார். புதுக்கதர். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்று, விடுதலை என்று சொன்னவர்களை அடிக்க ஆள் அனுப்பியவர் இவர்தான். என் வீட்டுக்காரரின் இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் போகாது. அது வரதையாவின் ஆட்கள் செய்த வேலை. இன்று மைக்கில் அவரைத் 'தியாகி' என்றார்கள். நான் தப்பாகக் கேட்டேனோ என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தேன். தப்பில்லை, இரண்டு தரம் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் கலியபெருமாள் பெயரை ஒரு தரமும் சொல்லவில்லை. அவர் மேடைக்குக் கீழே மாலைக்கூடையோடு நின்று, ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். வரதையாவின் மாலையையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 27

ஊரில் ஒரே குழப்பம். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் பிப்ரவரி நடுவுக்குள் கொன்சுலாவில், அதாவது பிரெஞ்சுத் தூதரகத்தில், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். போடாதவர்கள் எல்லாம் இந்தியர்கள். அதாவது இந்தியராக ஆவதற்கு ஒன்றுமே செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சொல்தா வீடுகளில்தான் பரபரப்பு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்போம். சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் வந்த குடும்பங்கள். அவர்களுக்கு அங்கே உறவு இருக்கிறது, கடுதாசி வருகிறது, சென்ட் பாட்டில் வருகிறது.

அவர் இருக்கிற விடுதலைக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் விளக்க வேண்டும். "நீ டீச்சர், நீ சொன்னா எடுபடும்"னு என்னைத் தள்ளிவிட்டார். எனக்கும் ஆசைதான். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்வதற்காக வாய் ஓயாமல் பேசப்போகிறேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

பதினோரு வீடு போனேன். ஏழு வீட்டில் காப்பி. வயிறு ஒரு மாதிரி இருக்கிறது.

எதிர்வீட்டுச் சவுரியம்மாதான் கடினம். புருஷன் அந்தோணி இந்தோசீனாவில் இறந்துபோனவர். ஒரே பெண் பிலோமினா, பதினாறு வயது. சவுரியம்மாவின் தம்பி மர்சேயில் இருக்கிறார். பிலோமினாவை அங்கே அனுப்பினால் நர்சு வேலைக்குப் படிக்க வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போதே கால் தரையில் இல்லை.

"அவ அப்பா அவங்களுக்காக உசுரையே குடுத்தாரு டீச்சரம்மா. அந்த நாட்டுல இவளுக்கு ஒரு இடம் இல்லாமலா போயிடும்?" என்றார் சவுரியம்மா.

"உசுரைக் குடுத்தாரு, திருப்பி என்ன குடுத்தாங்க? இங்க நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரியிலேயே இவ நர்சா நிக்கலாம். நம்ம ஜனத்துக்கு ஊசி போடட்டுமே. அங்க போயி வெள்ளைக்காரனுக்குப் போடணுமா?"

பிலோமினா சிரித்தாள். சவுரியம்மா சிரிக்கவில்லை. "நீங்க படிச்சவங்க. யோசிக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் ஒப்பித்தேன். "நல்லாச் சொன்ன" என்றார். பிறகு தேவியின் பிறப்புப் பதிவு நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

செப்டம்பர் 12

மேரிக்குப் போய்த் தேவியின் பிறப்புப் பதிவில் புது நகல் வாங்கி வந்தேன். நகராட்சி அலுவலகத்துக்குப் பெயர் மேரிதான். இதையும் யாராவது மாற்றுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டும் என்றார். அவள் படிப்பது என் பள்ளிக்கூடத்தில். எங்கள் தலைமையாசிரியை எதுவும் கேட்கவில்லை. மேல்படிப்புக்கு எடுத்து வைக்கிறார் போலிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இப்போதே மேல்படிப்பு யோசனை. நல்ல அப்பாதான்.

அக்டோபர் 7

சவுரியம்மா வந்து, முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னார். கையெழுத்துப் போடப் போவதில்லையாம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிலோமினா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். பெண்கள் மூன்று நாள்தான் அழுவார்கள், நாலாம் நாள் பசிக்கும் என்றேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதாமல் இருந்தால் பொய்யாகிவிடும்.

அக்டோபர் 29

தீபாவளி போன சுவடே தெரியவில்லை. எல்லையில் சீனாக்காரனோடு சண்டை. ரேடியோவைச் சுற்றித்தான் தெருவே உட்கார்ந்திருக்கிறது. பள்ளியில் யுத்த நிதிக்கு நகை திரட்டினோம். என் வளையலில் ஒன்றைக் கழற்றிப் போட்டேன். தலைமையாசிரியை கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். அவர் என் வெறுங்கையைப் பார்த்து, "கேட்டிருக்கலாமே" என்றார். நாட்டுக்குக் கொடுக்க இவரைக் கேட்கவேண்டுமா? அதுவும் இவரையா? ஒரு காலத்தில் என் தாலிச்சரடையே கேட்ட மனுஷன். களைப்பாக இருக்கிறார். மில்லில் கணக்கு முடிக்கிற சமயம்.

நவம்பர் 18

தையற்காரர் வீட்டுக்கே வந்து அவருக்குக் கோட்டுக்கு அளவு எடுத்தார். கோட்டு! கல்யாணத்துக்குக்கூடக் கதர் ஜிப்பாதான் போட்டவர். ஏதோ அரசாங்க விருந்து வருகிறதாம். கனமான கம்பளித் துணி. புதுச்சேரியில் இதைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனால் பாயசத்துக்கு முன்னால் மயக்கம் போட்டு விழுவார் என்றேன். தையற்காரர் சிரித்தார். அவர் கையைத் தூக்கச் சொன்னபோது இடது கை பாதியில் நின்றது. அதையும் அளந்துகொண்டார்.

டிசம்பர் 4

நான் பள்ளியில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்ட நேரத்தில் அப்பாவும் மகளும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். தனித்தனியாக, மார்பளவு, நேராகப் பார்த்தபடி. தேவி சிரிக்கவே இல்லை. "ஏண்டி இப்படி மொறைச்சுக்கிட்டு இருக்க?" என்றால், "சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கம்மா" என்கிறாள்.

மூன்று பேரும் சேர்ந்து ஒன்று எடுத்திருக்கலாம். பாரிசில் இருக்கும் என் நாத்தனார் தேவியின் போட்டோ கேட்டிருந்தார். அதற்காக இருக்கும்.

டிசம்பர் 23

அரையாண்டுத் தாள் நூற்றுப்பத்து. கை வலி.

அவர் தேவிக்குப் பிரெஞ்சு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். நானே பிரெஞ்சு படித்தவள்தான், நானே சொல்லித்தரலாம். கேட்கவில்லை. கேட்காமல் நானும் போகவில்லை.

1963 ஜனவரி 15

பொங்கல் நன்றாகப் பொங்கியது. சவுரியம்மாவுக்கு ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினேன். பிலோமினா வாங்கிக்கொண்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 26, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பள்ளியில் குடியரசு நாள். தலைமையாசிரியை, பெயருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தேவிக்குப் பாரதமாதா வேஷம் போடச் சொல்லியிருந்தார். காலையில் புடைவையைச் சின்னதாக மடித்துக் கட்டி, அட்டைக்கிரீடத்தை வைத்து, பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் இதப் போடலாமா?"

"ஏன், என்ன வந்துச்சு உனக்கு?"

"நான் பிரெஞ்சு ஆச்சேம்மா."

விளையாடுகிறாள் என்று நினைத்துத் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் அழ ஆரம்பித்தாள். "அப்பாதான் சொன்னாரு. அப்பாவும் நானும் பிரெஞ்சாம். உங்கிட்ட அவரே சொல்லுவாராம். நான் சொல்லக் கூடாதாம்."

அவர் கூடத்தில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திரும்பவில்லை.

"டிசம்பர்லயே குடுத்தாச்சு" என்றார். "தகப்பன் போட்டா புள்ளைக்கும் சேரும். சட்டம் அப்படி."

"நான்?"

"பொண்டாட்டிக்குச் சேராது. நீ தனியாப் போடணும். அதுக்குத்தான் சொல்லலாம்னு இருந்தேன். இன்னும் நாள் இருக்கே."

"அப்ப என்னை எதுக்குங்க வீடு வீடா அனுப்புனீங்க?"

அவர் சோப்பு நுரையைத் துடைத்தார்.

"கேக்குறேன். சவுரியம்மா வீட்டுக்கு எதுக்கு அனுப்புனீங்க?"

"அது குழு வேலை, அஞ்சலை. இது நம்ம குடும்பம்."

கையில் இருந்த பொட்டுக்கிண்ணத்தை எறிந்தேன். சுவரில் பட்டு உடைந்தது. அவர் அப்போதுதான் திரும்பினார்.

"அன்னிக்கு மேடைக்குக் கீழ நான் நின்னதப் பாத்தியா இல்லையா? என் கைய ஒடைச்சவனுக்கு என் கையாலயே மாலை எடுத்துக் குடுத்தேன். எவனாவது ஒருத்தன், கலியபெருமாளு, மேல வான்னு கூப்பிட்டானா? எட்டு வருஷமா அதே மில்லு, அதே நாற்காலி. எனக்கு இந்த ஊரு போதும். எம் புள்ளையாவது எங்கனாச்சும் போயி நல்லா இருக்கட்டும்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, கொஞ்சம். ஆனால் அவரை ஏமாற்றியவர்கள் மேடையில் இருந்தார்கள். அவர் ஏமாற்றியது என்னை. அவர் உடைந்த கையோடு வந்து கிடந்தபோது சோறு ஊட்டியவள் நான். கொடியைத் தலையணை உறைக்குள் வைத்து அதன் மேலே படுத்துத் தூங்கியவள் நான். பெற்ற பெண்ணின் பிறப்புப் பதிவை என்னையே போய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்! நானும் வரிசையில் நின்று வாங்கி வந்து கொடுத்தேனே, முட்டாள்.

வீட்டுக்காரியே ஊரெல்லாம் போய்ச் 'சும்மா இருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? இதை அவர் சொல்லவில்லை. நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

தேவி வேஷம் போட்டாள். கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜனவரி 29

வக்கீல் ஒருவரிடம், யாரோ ஒரு தோழிக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தாய்க்குப் பேச்சே கிடையாதாம். பதினெட்டு வயதானதும் பெண் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமாம். பதினெட்டுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது.

"உங்க தோழி புருஷனோடயே போயிடலாமே?" என்றார் வக்கீல்.

பிப்ரவரி 2

ஒரே வீட்டில் இருக்கிறோம். தட்டு வைக்கிறேன், சாப்பிடுகிறார். கப்பல் ஏப்ரலில் என்று தேவியிடம் சொன்னார், என் காதில் விழும்படி.

யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? எந்தத் தெருவில் போய் என்னவென்று சொல்வது? மளிகைக்கடையில் ஒருத்தி, "டீச்சரம்மா, நீங்க சொன்னதால எங்க வீட்ல ஒருத்தரும் போடல" என்கிறாள். நல்லது என்றேன்.

பிப்ரவரி 6

தேவிக்கு ஜுரம். இரண்டு நாளாக என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். "நீ வருவ இல்லம்மா?" என்று கேட்டாள். முதலில் கஞ்சியைக் குடி என்றேன்.

என்னிடம் இப்போது இரண்டு வழிதான் இருக்கின்றன. ஒன்றில் நான் சொன்ன வார்த்தை நிற்கும், பிள்ளை போய்விடும். எட்டு வயதில் போகிற பிள்ளை பதினெட்டில் திரும்பி வருவாள் என்று எந்த வக்கீல் எழுதிக் கொடுப்பான்?

பிப்ரவரி 12, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. கடற்கரைப் பக்கம் ஒரு வேலை இருந்தது. நல்ல வெயில். சாயங்காலம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். தேவிக்கு ஜுரம் விட்டுவிட்டது.

பிப்ரவரி 13

கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அங்கே இருந்தவர் பாராட்டினார். டீச்சர் கையெழுத்து அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

இன்று கடைசி நாள்.

காலை எட்டு மணி இருக்கும். சவுரியம்மா பிலோமினாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"இவ பேசுறதக் கேளுங்க டீச்சரம்மா. உங்களப் பத்தி வாய் கூசாமப் பொய் சொல்றா. அதான் ஒண்ணு வச்சேன்."

"என்ன சொன்னா?"

"நீயே சொல்லுடி."

பிலோமினா என்னை நேராகப் பார்த்தாள். "செவ்வாக்கெழம நான் கொன்சுலா வாசல்ல நின்னேன் டீச்சர். அம்மாவுக்குத் தெரியாம, சும்மா விசாரிக்கலாம்னு போனேன். வரிசையில நீங்க நின்னீங்க. பச்சப் புடவ. முக்காடு போட்டிருந்தீங்க. நீங்கதான டீச்சர்?"

சவுரியம்மா என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. மகளையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது நேரம் இருந்தது. இதை எழுதியே ஆகவேண்டும். மணி எட்டுதான். தூதரகம் சாயங்காலம் ஐந்து மணிவரை திறந்திருக்கும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய் கையெழுத்துப் போதும். சவுரியம்மா நடந்து போனாலும் பத்து மணிக்குள் முடிந்திருக்கும். நான் 'ஆமாம், நான்தான்' என்று சொல்லவேண்டியது மட்டும்தான் பாக்கி. சொன்னால் ஒன்பது மணிக்குத் தெரு முழுக்கத் தெரியும். பதினொரு வீடும் என் வாசலில் வந்து நிற்கும்.

"நானா?" என்றேன். "நான் எதுக்கும்மா அங்க போறேன்? வேற யாரையாவது பாத்திருப்ப."

என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வகுப்பில் கணக்குச் சொல்லித்தருகிற குரல்.

"கேட்டியா?" என்றார் சவுரியம்மா. "மன்னிப்புக் கேளு."

பிலோமினா கேட்கவில்லை. அழவும் இல்லை. "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சவுரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் புள்ள, மனசுல வச்சுக்காதீங்க. நீங்க சொன்னபடியே சும்மா இருந்துட்டேன். சரிதான?"

"சரிதான்" என்றேன். இரண்டாவது தரம் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது.

பள்ளிக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். மூன்று மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். நாலு மணிக்கும் நினைத்தேன். நோட்டுகள் திருத்தவேண்டியிருந்தது. ஐந்தேகால் மணிக்குத்தான் பள்ளியைவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அவர் வாசற்படியில் காத்துக்கொண்டிருந்தார். காலையில் நடந்ததை உள்ளே இருந்து கேட்டிருக்கிறார். மூன்று வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாத மனுஷன், என் பையை வாங்கிக்கொண்டார். காப்பி போட்டு வைத்திருந்தார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவர் போட்ட முதல் காப்பி.

"விடு அஞ்சலை" என்றார் மெதுவாக. "நம்ம நெலம அப்படி. நாம வேற என்ன பண்ண முடியும்?"

'நாம' என்றார். நேற்றுவரை அந்த வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் டம்ளரை அவர் முகத்தில் வீசியிருப்பேன். இன்று எனக்குக் கோபமே வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அவரைத் திட்டுவதற்கு எனக்கு இருந்த ஒரே யோக்கியதையைக் காலை எட்டு மணிக்கு வாசலிலேயே விட்டுவிட்டேன்.

காப்பியில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.